அயர்லாந்துச் சிப்பாயின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பரங்கிமலை, பெரம்பூர், போத்தனூர், திருச்சி பொன்மலை பகுதிகளில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் "எங்கள் முப்பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்த சிப்பாய்" என்ற பேச்சு பரவலாக உண்டு. அதை நம்பித் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே அயர்லாந்துத் தளம் ஒன்றைத் திறந்து பெயரைத் தட்டுகிறார்கள். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறார்கள். வயது ஓரளவு பொருந்தும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் தங்கள் குடும்ப மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த மரம் வேறு யாருடையதோ.

இந்த வேலையில் அயர்லாந்துதான் கடைசி. முதலில் வீட்டுக் காகிதங்கள், பிறகு படைப்பிரிவு, அதன்பின் ராணுவத் தாள், அந்தத் தாளிலிருந்து ஒரு ஊர்ப் பெயர், அதற்குப் பிறகே அயர்லாந்துப் பதிவுகள். காரணம் எளிது. அயர்லாந்தின் பழைய பதிவுகள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை. ஊர் தெரியாதவருக்கு அவை திறக்கா. கூலிவேலை செய்த ஓர் ஏழை இளைஞன் எந்த ஊரில் பிறந்தான் என்பதைக் கேட்டு எழுதிவைத்தது பெரும்பாலும் ராணுவம் மட்டுமே.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

முழுப்பெயர், மதப்பிரிவு, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் பணியாற்றினார், எந்தப் படைப்பிரிவு. ஐந்தும் கிடைக்காவிட்டாலும் குறைந்தது மூன்று விவரங்களாவது இல்லாமல் கணினியைத் திறக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, விவிலியத்தின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்தநாள்கள், கல்லறைக் கல்வெட்டின் படம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் சேருங்கள். பதக்கம் இருந்தால் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். துலக்கித் துலக்கி அந்த எழுத்துகள் தேய்ந்திருக்கலாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

மதப்பிரிவை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், கத்தோலிக்கர், அயர்லாந்துத் திருச்சபையினர் (அங்குள்ள ஆங்கிலிக்கர்), பிரஸ்பிட்டேரியர் மூவருக்கும் பதிவேடுகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ராணுவக் குடியிருப்பில் கத்தோலிக்கக் குரு இல்லாத காலத்தில் கத்தோலிக்கச் சிப்பாயும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் திருமணம் செய்திருக்கலாம். இங்கே நடந்த திருமணம் ஒன்றை மட்டும் வைத்து அவருடைய பிறந்த மதப்பிரிவை முடிவு செய்யக் கூடாது.

குடும்பக் கதைகளைத் தனித் தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். "அவர் கேப்டன்" என்றால் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய். "டப்ளின்காரர்" அல்லது "கார்க்காரர்" என்றால், அது படையில் சேர்ந்த ஊராகவோ கப்பல் ஏறிய துறைமுகமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். அதை ஆதாரத்தோடு கலக்காமல் இருந்தால் போதும்.

2. அவர் யாருடைய சிப்பாய்?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். இந்தியாவில் பணியாற்றிய ஐரோப்பியச் சிப்பாய்கள் இரண்டு வகை. ஒருவர் பிரிட்டிஷ் அரசப் படையைச் சேர்ந்தவர். அவருடைய படைப்பிரிவு சில ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடும். மற்றவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்த ஐரோப்பியப் படையில் சேர்ந்தவர். பெரும்பாலும் பணிக்காலம் முழுவதையும் இந்தியாவிலேயே கழிப்பார்.

முதல் வகையின் ஆவணங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டாம் வகையின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இருக்கின்றன. தவறான கட்டடத்தில் எவ்வளவு தேடினாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

1858இல் கம்பெனி ஆட்சி முடிந்த பிறகு, அதன் ஐரோப்பியப் படைகள் அரசப் படையில் சேர்க்கப்பட்டுப் புதிய எண்கள் பெற்றன. சென்னையின் முதலாம் ஐரோப்பியப் படை 102ஆம் ரெஜிமென்ட் ஆயிற்று. 1881இல் அதுவே ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன். சென்னையின் மூன்றாம் ஐரோப்பியப் படை 108 என்ற எண் பெற்று, பின்னர் ராயல் இன்னிஸ்கில்லிங் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. ஆகவே 1850களில் சேர்ந்து 1870களில் ஓய்வு பெற்ற ஒருவரை இரண்டு இடங்களிலும் தேட வேண்டும்.

அயர்லாந்துக்காரர் என்றால் அயர்லாந்துப் பெயர் கொண்ட படையில்தான் இருந்திருப்பார் என்று எண்ணாதீர்கள். 1830 வாக்கில் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய்களில் சுமார் 42 சதவீதம் பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஆங்கிலேயக் கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) பெயர் தாங்கிய படைகளிலும் அவர்கள் நிறைந்திருந்தார்கள்.

3. சென்னை மாகாண ஆலயப் பதிவுகளிலிருந்து படைப்பிரிவை எடுப்பது

படைப்பிரிவு தெரியாவிட்டால், அவருடைய திருமணப் பதிவையும் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் பிடியுங்கள். சென்னை மாகாண ஆலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படங்களாகவும், ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயர்ப் பட்டியலாகவும் கிடைக்கும். ஃபிபிஸ் என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடல் பட்டியல் இலவசம்.

பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். பட்டியலில் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். மூலப் படத்தில் தந்தையின் பதவி, படைப்பிரிவு, அப்போது இருந்த ஊர் எல்லாம் இருக்கும். ஒரு பிள்ளைக்குப் பெல்லாரி, அடுத்ததற்குக் கண்ணனூர், அதற்கடுத்ததற்குச் செகந்திராபாத் என்று வரிசையாக எழுதி, அந்த ஆண்டுகளில் அந்தப் படைப்பிரிவு அங்கே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு வெவ்வேறு ஆட்களை ஒருவராக்கிவிட்டீர்கள்.

கத்தோலிக்கத் திருமணங்கள், ஞானஸ்நானங்கள் தொடக்க காலத்தில் இந்த நகல்களில் சரியாக ஏறவில்லை. அங்கே இல்லையென்றால் அந்தந்தப் பங்கு (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி) ஆலயத்தில் மூலப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்பதுதான் வழி. போகும்போது தேதியைக் குறுக்கிக்கொண்டு போங்கள். பத்து ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டித் தரச் சொன்னால் எந்தப் பங்குத்தந்தைக்கும் பொறுமை இருக்காது.

4. விடுவிப்புத் தாள்: வரி விடாமல் வாசியுங்கள்

அரசப் படைச் சிப்பாய்க்கு முதலில் தேட வேண்டியது 'டபிள்யூ.ஓ. 97' என்ற வரிசை. 1760 முதல் 1913 வரை படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் தாள்கள் இதில் இருக்கின்றன. இதுவும் ஃபைண்ட்மைபாஸ்டில் பெயர்வாரியாகக் கிடைக்கிறது. 1822க்கு முன் டப்ளினின் கில்மைனம் மருத்துவமனை வழியாக ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு 'டபிள்யூ.ஓ. 119' என்ற தனி வரிசை உண்டு. அயர்லாந்துக்காரரைத் தேடும்போது இதை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

தாளின் தொடக்கத்திலேயே உங்களுக்கு வேண்டிய வரி இருக்கும்: இன்ன பங்கில், இன்ன ஊரில் அல்லது அதன் அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர், தொழில் கூலி, அல்லது நெசவாளர், அல்லது செருப்புத் தைப்பவர். அச்சிட்ட வாசகத்தில் விட்ட இடைவெளிகளை எழுத்தர் கையால் நிரப்பியிருப்பார். 'அல்லது அதன் அருகில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அங்கே எழுதப்படும் ஊர் பெரும்பாலும் பக்கத்துச் சந்தை ஊர். அவர் பிறந்தது அதைச் சுற்றிய ஏதோ ஒரு சிற்றூரில். பங்கின் பெயர்தான் முக்கியம். ஊரின் பெயர் அந்தப் பங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் துணை.

மேலும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படையில் சேர்ந்த இடமும் தேதியும். சேரும்போது சொன்ன வயது. விடுவிப்புக்குப் பின் எங்கே குடியிருக்கப் போகிறார் என்பது. கையெழுத்திட்டாரா, பெருக்கல் குறி போட்டாரா என்பது. கடைசியானதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பின்னால் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நிற்கும்போது, திருமணப் பதிவில் அழகாகக் கையெழுத்திட்டவரும் ராணுவத் தாளில் பெருக்கல் குறி போட்டவரும் ஒருவரா என்று சந்தேகப்பட அது கை கொடுக்கும்.

சொன்ன வயதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிச் சேர்வது அன்றாட நிகழ்ச்சி. முன்னும் பின்னும் நான்கைந்து ஆண்டுகள் தள்ளித் தேடுங்கள்.

சிப்பாயின் எண்ணை வைத்து ஆளை உறுதி செய்யும்போதும் கவனம் தேவை. 1920 வரை ஒவ்வொரு படைப்பிரிவும் தன் சிப்பாய்களுக்குத் தனியாக எண் கொடுத்தது. 1432 என்ற எண் பல படைகளில் பல ஆட்களுக்கு இருந்திருக்கும். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் அடையாளம்.

1883க்குப் பிந்தைய தாள் கிடைத்தால் உங்களுக்கு நல்ல காலம். அதில் நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் இருக்கும். பெற்றோர், அண்ணன் தம்பிகள், அவர்கள் இருந்த ஊர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஆறாவது படியை ஓட்டமாகக் கடந்துவிடலாம்.

5. விடுவிப்புத் தாள் இல்லை என்றால்

இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. 1883க்கு முந்தைய தாள்களில் ஓய்வூதியத்தோடு விடுவிக்கப்பட்டவர்களே இருக்கிறார்கள். பணியில் இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி வெளியேறியவர் அங்கே இல்லை. இந்தியாவில் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்பதைப் பழைய கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்கு மஸ்டர் ரோல், அதாவது படைப்பிரிவின் வருகை, சம்பளப் பதிவேடுதான் வழி. 'டபிள்யூ.ஓ. 12' வரிசையில் 1878 வரையிலான படைப்பிரிவு மஸ்டர் ரோல்கள் இருக்கின்றன. பெயர் அட்டவணை கிடையாது. படைப்பிரிவும் ஆண்டும் தெரிந்தால் மட்டுமே பயன். ஒவ்வொரு காலாண்டின் இறுதியிலும் இறந்தவர், விடுவிக்கப்பட்டவர், ஓடிப்போனவர் ஆகியோருக்குத் தனிப் பட்டியல் இருக்கும். 1830களுக்குப் பிந்தைய பட்டியல்களில் அவருடைய பிறந்த ஊரும், பழைய தொழிலும், நிலுவைச் சம்பளம் யாருக்குப் போக வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கலாம். 'தாய்' என்று போட்டு ஒரு ஊரின் பெயரும் இருந்தால், அந்த ஒரு வரி போதும். இறந்த தேதியைக் கல்லறையிலிருந்தோ அடக்கப் பதிவிலிருந்தோ எடுத்துக்கொண்டு, அந்தக் காலாண்டுக்கு நேராகப் போங்கள். முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் பொழுதும் கண்ணும் போகும்.

கம்பெனிச் சிப்பாய்க்குச் சென்னைப் படையின் பதிவேடுகளும் மஸ்டர் ரோல்களும் 'எல்/மில்/11' வரிசையில் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிய பட்டியல்கள் 'எல்/மில்/9' வரிசையில். வந்த கப்பலின் பெயர், ஆண்டு, வயது, தொழில், பிறந்த கவுண்டி ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். சில ஆண்டுகளின் ஏடுகளில் கவுண்டி மட்டுமே இருக்கும். அப்போது அடுத்தடுத்த பல ஆண்டுகளையும் பாருங்கள். ஒரு எழுத்தர் விட்டதை இன்னொருவர் எழுதியிருக்கலாம்.

முதல் உலகப் போரில் பணியாற்றியவர் என்றால் கதை வேறு. 1940இல் லண்டனில் விழுந்த குண்டுவீச்சில் சாதாரணச் சிப்பாய்களின் பணித் தாள்களில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிந்துவிட்டன. மிச்சம் 'டபிள்யூ.ஓ. 363', ஓய்வூதியத் தாள்கள் 'டபிள்யூ.ஓ. 364'. அங்கே இல்லையென்றால், பணியில் இறந்தவர்களுக்கு நிலுவைப் பணம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பேரேடு இருக்கிறது. ஆன்செஸ்ட்ரி தளத்தில் பார்க்கலாம். அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் போரில் இறந்த சுமார் 9,000 அயர்லாந்துச் சிப்பாய்களின் உயில்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பலவும் நாலு வரிதான். "என் உடைமைகள் அனைத்தும் என் தாய்க்கு" என்று எழுதித் தாயின் பெயரையும் முகவரியையும் கொடுத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த முகவரி.

6. ஊர்ப் பெயரை நிலத்தில் பொருத்துவது

இங்கேதான் புதியவர்கள் அதிகமாக விழுகிறார்கள். அவசரப்படாமல் படியுங்கள்.

அயர்லாந்தின் பழைய நிலப் பிரிவுகள் பெரியதிலிருந்து சிறியதாக இப்படிப் போகும்: மாகாணம், கவுண்டி, பேரனி, சிவில் பங்கு, டவுன்லாண்ட். டவுன்லாண்ட் என்ற பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் இல்லை. சில வயல்களும் சில வீடுகளும் கொண்ட மிகச் சிறிய நிலப்பரப்பு. இத்தகையவை 60,000க்கும் மேல் இருக்கின்றன. ஒருவருடைய பூர்வீகம் தெரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் டவுன்லாண்ட் வரை இறங்கியிருக்க வேண்டும்.

சிவில் பங்கும் கத்தோலிக்கப் பங்கும் ஒன்றல்ல. முன்னது அரசு நிர்வாகத்துக்கும் அயர்லாந்துத் திருச்சபைக்கும் உரிய பழைய எல்லை. கத்தோலிக்கப் பங்குகளின் எல்லையும் பல இடங்களில் பெயரும் வேறு. விடுவிப்புத் தாளில் இருப்பது பெரும்பாலும் சிவில் பங்கின் பெயர். அதை அப்படியே கத்தோலிக்கப் பதிவேட்டில் தேடினால் அந்தப் பெயரில் பங்கே இல்லாமல் போகலாம். முதலில் சிவில் பங்கைக் கண்டுபிடித்து, அந்த நிலப்பரப்பு எந்தக் கத்தோலிக்கப் பங்குக்குள் வருகிறது என்று பார்த்து, அந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

ஒரே பெயர் பல இடங்களில் இருப்பது அடுத்த தொல்லை. கில்மோர் என்ற பங்கு அர்மா, கேவன், மொனகன், ரோஸ்காமன், வெக்ஸ்ஃபோர்ட் என்று பல கவுண்டிகளில் இருக்கிறது. தாளில் 'கில்மோர்' என்று மட்டும் இருந்து கவுண்டி மங்கிப்போயிருந்தால், அருகிலுள்ள ஊராக எழுதியிருப்பதை வரைபடத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். அவர் படையில் சேர்ந்த ஊரும் உதவும். ஏழை இளைஞன் நடந்துபோகும் தூரத்தில்தான் பெரும்பாலும் ஆள் சேர்ப்பவரைச் சந்தித்திருப்பான்.

எழுத்துக்கூட்டல் மூன்றாவது தொல்லை. சிப்பாய்க்கு எழுதத் தெரியாது. அவர் வாயால் சொன்னதை வேறு வட்டார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். 1824இல் தொடங்கிய நில அளவைக்கு முன் பல டவுன்லாண்ட் பெயர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டலே கிடையாது. தாளில் உள்ள சொல்லைச் சத்தமாக வாசித்து, ஒலி நெருங்கும் பெயர்களைத் தேடுங்கள். லாகெயின்ம் என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளம் பெயர்களின் பழைய வடிவங்களையும் காட்டும்.

கவுண்டிப் பெயர்களும் மாறியிருக்கின்றன. கிங்ஸ் கவுண்டி இன்று ஆஃபலி. குவீன்ஸ் கவுண்டி இன்று லீஷ். குவீன்ஸ்டவுன் என்ற துறைமுகம் இப்போது கோவ். இன்றைய வரைபடத்தில் பழைய பெயரைத் தேடிக் களைத்துப்போய், "ஆங்கிலேயர் தப்பாக எழுதிவிட்டார்கள்" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. எது எரிந்தது, எது மிஞ்சியது

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அதே நெருப்பில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்பு அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன.

எல்லாம் எரிந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக இருக்கின்றன. எரிந்தவற்றின் நகல்களைப் பல காப்பகங்களிலிருந்து திரட்டும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் ஒன்று 2022 முதல் இணையத்தில் இலவசமாக இயங்குகிறது. அதில் உங்கள் பங்கின் பெயரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

8. நிலப் பதிவுகள்

கணக்கெடுப்பு இல்லாத குறையை ஓரளவு ஈடு செய்பவை இரண்டு. 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகங்கள். 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடு. இரண்டும் இலவசம். நம் ஊர்ச் சிட்டா, அடங்கலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு கிரிஃபித் மதிப்பீடு எளிதில் புரிந்துவிடும்: எந்த டவுன்லாண்டில், எந்த எண் நிலத்தில், யார் குடியிருந்தார், யாரிடம் குத்தகைக்கு எடுத்தார், எவ்வளவு பரப்பு, எவ்வளவு மதிப்பு.

இதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். வயதோ உறவோ இராது. 1830களிலேயே படையில் சேர்ந்துவிட்ட உங்கள் சிப்பாயை இங்கே தேடினால் கிடைக்கமாட்டார். அவருடைய அப்பாவோ அண்ணனோ இருக்கலாம். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இங்கே இருக்கும் ஒருவரைச் சிப்பாய் என்று எண்ணிவிடுவது மிகப் பழைய தவறு. தசமபாகப் புத்தகத்தில் நிலமில்லாத கூலியாட்கள் கிடையாது; சிப்பாயின் குடும்பம் அந்த வகையாக இருந்தால் அங்கே காணாமல் போவது இயல்புதான்.

டிப்பரேரியில் ரையன் என்ற குடும்பப்பெயர் எக்கச்சக்கம். ஒரே டவுன்லாண்டில் இரண்டு ஜான் ரையன்கள் இருந்தால், பதிவில் ஒருவருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயரோ தந்தை பெயரோ இருக்கும். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டப்பெயர் தலைமுறை தாண்டியும் கூடவே வரும். பிற்காலப் பதிவில் சரியான கிளையைப் பிடிக்க அதைவிடச் சிறந்த கொக்கி இல்லை.

கிரிஃபித்துக்குப் பின் நிலம் கைமாறியபோதெல்லாம் திருத்தப் புத்தகங்களில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதினார்கள். வெவ்வேறு ஆண்டுகளின் திருத்தங்களுக்கு வெவ்வேறு நிற மை. தந்தை பெயர் அடிக்கப்பட்டு மகன் பெயர் ஏறும் ஆண்டில், அந்தத் தந்தையின் மரணப் பதிவைத் தேடலாம். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு இவை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கிடைக்கின்றன, மற்றவை டப்ளினில்.

9. பங்கு ஞானஸ்நானப் புத்தகங்கள்

கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் 1880 வரை. அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்து, ஆண்டையும் மாதத்தையும் பார்த்துப் புரட்ட வேண்டும். பெயர்ப் பட்டியல் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் உண்டு. கெர்ரி, டப்ளின் நகரம், கார்லோ, கார்க்கின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

தேடத் தொடங்கும் முன், அந்தப் பங்கின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள். கிழக்குப் பகுதி நகரங்களில் 1700களிலேயே தொடங்கும். மேற்கில் பல பங்குகளில் 1820களுக்குப் பிறகுதான். மேயோவில் 1795இல் பிறந்த ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவு கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தெரிந்துகொண்டால் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல பதிவேடுகள் லத்தீனில். ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ், டெனிஸ் டியோனிசியுஸ். குடும்பப்பெயர் மாறாது, ஆனால் 'ஓ' என்ற முன்னொட்டு வரலாம், போகலாம். கீஓ, கெஹோ இரண்டும் ஒரே பெயர். கியர்னி, கார்னியும் அப்படித்தான். ஒரு எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுகிறவர் பாதியை இழக்கிறார்.

ஒரு ஞானஸ்நானம் கிடைத்தவுடன் நிறுத்தாதீர்கள். அதே பெற்றோருக்கு முன்னும் பின்னும் இருபது ஆண்டுகளில் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் எடுங்கள். ஒவ்வொருவரின் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் அல்லது நெருங்கிய உறவினர். தாயின் பிறந்த வீட்டுப் பெயருள்ள ஞானத்தகப்பன் அடிக்கடி வந்தால், தாய்மாமன் எந்த டவுன்லாண்ட் என்பது வரை போகலாம்.

10. ஊரிலேயே தங்கிவிட்டவர்களைத் தேடுங்கள்

சிப்பாய் பதினெட்டு வயதில் போய்விட்டார். அவரைப் பற்றி ஊரில் அதிகம் எழுதப்பட்டிருக்காது. அண்ணனும் தங்கையும் அங்கேயே திருமணம் செய்து, பிள்ளை பெற்று, முதுமை வரை இருந்தார்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்க அவர்கள்தான் வழி.

கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலும், எல்லாப் பிறப்பு, இறப்பு, திருமணங்களும் 1864 முதலும் அரசிடம் பதிவாயின. 100 ஆண்டு கடந்த பிறப்புகளும் 75 ஆண்டு கடந்த திருமணங்களும் 50 ஆண்டு கடந்த இறப்புகளும் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் இலவசம். திருமணப் பதிவில் இரு வீட்டுத் தந்தையர் பெயரும் இருக்கும். தாயர் பெயர் இருக்காது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இருக்காது. பெற்றோரைக் கண்டுபிடிக்க இறப்புச் சான்று வாங்கிக் காசை விடாதீர்கள். பிறந்த தேதிக்கு முந்தைய நாளில் ஞானஸ்நானம் நடந்ததாக வந்தால் மிரளவும் வேண்டாம். தாமதப் பதிவுக்கான அபராதத்தைத் தவிர்க்கப் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது சகஜம். ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு தொகுப்பு இருக்கிறது. 1909 முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கிடைத்தது. 1864க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. ஆகவே, அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி விண்ணப்பித்தார்கள். கணக்கெடுப்புகள் எரிந்துவிட்டன, விண்ணப்பப் படிவங்கள் மிஞ்சின. அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இலவசமாக வைத்திருக்கிறது. படிவத்தில் விண்ணப்பித்தவரின் அன்றைய முகவரி, தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், 1841 அல்லது 1851இல் இருந்த டவுன்லாண்ட், பங்கு, பேரனி, கவுண்டி எல்லாம் இருக்கும். தேடிய எழுத்தர் கீழே தன் குறிப்பை எழுதியிருப்பார்: சிலவற்றில் 'கிடைக்கவில்லை', சிலவற்றில் வீட்டில் இருந்த பிள்ளைகள் அனைவரின் பெயரும் வயதும், பெற்றோர் மணந்த ஆண்டும். சிப்பாயின் தங்கை ஒருத்தி போட்ட மனு கிடைத்தால், எரிந்துபோன கணக்கெடுப்பின் ஒரு துண்டே உங்கள் கைக்கு வந்துவிடும். ஆகவே சிப்பாயின் பெயரில் தேடாமல், குடும்பப்பெயரையும் டவுன்லாண்டையும் போட்டுத் தேடுங்கள்.

இதே ஓய்வூதியத்தால்தான் 1901இல் 52 வயதாக இருந்தவர் 1911இல் 70 வயது என்று எழுதிக்கொடுத்தார். 1911 கணக்கெடுப்பின் முதியோர் வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

11. இவர்தானா அவர்?

பெயரும் பங்கும் வயதும் பொருந்தும் ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் உங்கள் ஆள் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். அந்த ஞானஸ்நானம் பெற்றவர் குழந்தையாகவே இறந்தாரா? அதே பெற்றோர் இன்னொரு பிள்ளைக்கு மறுபடியும் அதே பெயரை வைத்திருந்தால் முதல் பிள்ளை பெரும்பாலும் இறந்துவிட்டது. அவர் ஊரிலேயே திருமணம் செய்தாரா? 1850களில் கிரிஃபித்தில் குடியானவராக இருக்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும், இந்தியாவுக்கு வந்தவர் அவர் இல்லை.

அதே பங்கில் அதே பெயரில் வேறு யாரும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் விடுபட்ட ஆண்டுகள் இருந்தால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. குறிப்பில் அப்படியே எழுதிவையுங்கள்.

பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் ஒரு துணை. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் வைப்பது அயர்லாந்து வழக்கம். சென்னையில் பிறந்த மூத்த பிள்ளையின் பெயரும் அந்த ஞானஸ்நானத்தில் உள்ள தந்தையின் பெயரும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். ஆனால் ஜான், பேட்ரிக், மைக்கேல் போன்ற பெயர்கள் எல்லா வீட்டிலும் இருந்தன. அது மட்டும் போதாது.

மரபணுச் சோதனை செய்தவர்கள், பொருந்தும் உறவினர்களின் பட்டியலில் சிப்பாயின் குடும்பப்பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒன்பதாவது படியில் எழுதிவைத்த தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் டவுன்லாண்டையும் தேடுங்கள். அந்த டவுன்லாண்டிலிருந்து அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன கிளையினர் பலர் தங்கள் மரத்தை ஏற்கெனவே இணையத்தில் ஏற்றியிருப்பார்கள். அவர்களுக்கு எழுதும்போது முதல் கடிதத்திலேயே விடுவிப்புத் தாளின் படத்தை இணையுங்கள். வெறும் பெயரோடு வரும் கடிதங்கள் அவர்களுக்கு நிறையவே வருகின்றன. ஊர்ப் பெயர் உள்ள தாளோடு வருபவருக்குத்தான் பதில் எழுதுவார்கள்.